38 மீட்டர் சுவர்

(பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர்களும் தலைமையாசிரியர்களும் கலந்துகொண்ட பயிற்சி நாளில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பள்ளிக்கூடத்தின் பாதுகாப்பு வேலைகளுக்கு அரசிடமிருந்து நிதி பெறுவது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். கடைசி 11 ஆண்டுகள் தலைமையாசிரியர். எங்கள் பள்ளியின் மேற்குச் சுவர் ஓர் ஐப்பசி மழையில் சாய்ந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வண்டிப் பாதை, அதை ஒட்டி வாய்க்கால். அறுவடைக் காலத்தில் டிராக்டர் போய்க்கொண்டே இருக்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை பந்தைத் துரத்திக்கொண்டு ஓடினால் நேராக அந்தப் பாதையில்தான் போய் நிற்கும்.

அந்தச் சுவரைத் திரும்பக் கட்ட ஆறு ஆண்டுகள் ஆயின. அதில் ஐந்து ஆண்டுகள் பணம் இல்லாமல் போகவில்லை. நான் எழுதிய விதத்தால் போயின. இன்று நான் சொல்ல வந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதன் விளக்கம்.

ஆண்டுக்கு இரண்டு மனு கொடுத்தேன். 'எங்கள் பள்ளியில் சுற்றுச்சுவர் இல்லாததால் மாணவர்களின் பாதுகாப்புக்குப் பெரும் அச்சுறுத்தலாக உள்ளது. ஆடு மாடுகள் நுழைகின்றன. இரவில் சமூக விரோதிகள் மது அருந்துகிறார்கள். எனவே அய்யா அவர்கள் கருணை கூர்ந்து…' என்று போகும். ஒரு சொல்லும் பொய் இல்லை என்றே நினைத்தேன். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை குறைதீர் நாளில் வரிசையில் நின்று கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் ரசீது வந்தது. 'தங்கள் மனு சம்பந்தப்பட்ட அலுவலருக்கு அனுப்பப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. அந்த அலுவலர் அதை இன்னொருவருக்கு அனுப்பினார். காகிதம் ஊர் சுற்றியது. சுவர் எழும்பவில்லை.

ஆறாம் ஆண்டு, ஒன்றிய அலுவலகத்தில் ஓர் ஓவர்சியர் என் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார்: "சார், எத்தனை மீட்டர்னு போடலியே? எந்தப் புல எண்? இடம் யார் பேர்ல இருக்கு? இதை வச்சு நான் எப்படி சார் எஸ்டிமேட் போடுறது? இது மனு சார். எனக்கு வேணுங்கிறது கருத்துரு."

இந்த இரண்டு சொற்களுக்கும் நடுவில்தான் நம் பிள்ளைகளின் பாதுகாப்பு சிக்கிக் கிடக்கிறது. மனு என்பது என் மனவேதனையைச் சொல்வது. கருத்துரு என்பது, அதைப் படிக்கும் அலுவலர் என் பள்ளிக்கு வராமலேயே, மேசையிலிருந்தபடி அடுத்த கையெழுத்தைப் போடும்படி எழுதுவது. என்ன ஆபத்து, எந்த இடத்தில், எத்தனை அளவு, என்ன செய்தால் தீரும், எவ்வளவு ஆகும், நிலம் யாருடையது, யார் தீர்மானம் போட்டார்கள் — இந்த ஏழுக்கும் பதில் இருந்தால் கோப்பு நகரும். ஒன்று குறைந்தாலும் 'விவரம் கோரி' திரும்பி வரும். ஒரு முறை திரும்பி வந்தால் மூன்று மாதம் போயிற்று. அதற்குள் மார்ச் 31 வந்துவிடும்.

மறுநாள் காலை, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரை அழைத்துக்கொண்டு மேற்குப் பக்கம் போனேன். துணிக்கடைக்காரர் ஒருவரிடம் இரவல் வாங்கிய 30 மீட்டர் டேப். ஒரு பெண் பிள்ளை நுனியைப் பிடித்துக்கொண்டு வடக்கு மூலையில் உட்கார்ந்தாள். டேப் தீர்ந்த இடத்தில் ஒரு பையன் குச்சி நட்டான். அங்கிருந்து இன்னும் 8 மீட்டர். ஆக 38 மீட்டர். அதுவரை 'மேற்குச் சுவர் முழுவதும்' என்றுதான் நான் எழுதிக்கொண்டிருந்தேன். முழுவதும் இல்லை, தெற்குப் பக்கம் 14 மீட்டர் நன்றாகவே நின்றது. அதை நான் ஐந்து ஆண்டுகளில் ஒரு தடவையும் அளந்து பார்க்கவில்லை. அந்தப் பிள்ளை டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சார், கேட்டுல கூட கீழ் கீல் இல்ல, அதையும் எழுதிக்கங்க" என்றாள். போய்ப் பார்த்தேன். இரும்புக் கதவு மேல் கீல் ஒன்றில் தொங்கிக்கொண்டிருந்தது. தினமும் அந்தக் கதவில் ஏறி ஊஞ்சலாடியவர்கள் அவர்கள்தானே. அவர்களுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

அதனால் முதலில் சொல்கிறேன்: ஆபத்தைக் கணக்கெடுக்கப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் பாம்பு வரும், எந்தக் கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இல்லை, எந்தச் சுவிட்சைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கும், எந்த மூலையில் பெரிய பையன்கள் சின்னவர்களை நிறுத்தி வைத்துக்கொள்வார்கள் — அவர்களிடம் முழு வரைபடமே இருக்கிறது.

அடுத்தது, பள்ளியின் விவரங்களை அரசுக்குத் தரும் யுடைஸ் படிவம். ஒவ்வோர் ஆண்டும் நிரப்புகிறோம். அதில் சுற்றுச்சுவர் என்ற கட்டத்துக்கு நேரே பல விடைகள் இருக்கின்றன: முழுமையான சுவர், உடைந்த சுவர், முள்கம்பி வேலி, செடி வேலி, பகுதிச் சுவர், கட்டிக்கொண்டிருப்பது, இல்லவே இல்லை. எங்கள் பள்ளிக்கு எத்தனையோ ஆண்டுகளாக 'முழுமையான சுவர்' என்றே பதிவாகி வந்தது. எனக்கு முன்பிருந்தவர் எழுதினார், அப்போது சுவர் இருந்தது. பிறகு போன ஆண்டுப் படிவத்தைப் பார்த்து இந்த ஆண்டுப் படிவம். நானும் அப்படியே கையெழுத்துப் போட்டேன். ஒரு கையால் 'சுவர் இல்லை அய்யா' என்று மனு எழுதினேன். இன்னொரு கையால் 'சுவர் இருக்கிறது' என்று அரசுக்குச் சான்று கொடுத்தேன். சுவர் இல்லாத பள்ளிகளின் பட்டியல் எடுக்கும்போது எங்கள் பள்ளி எப்படி வரும்?

இதில் ஒரு பயமும் கலந்திருக்கிறது, அதை மறைக்காமல் பேச வேண்டும். 'கட்டடம் ஆபத்தான நிலையில் உள்ளது' என்று எழுதித் தந்துவிட்டால், 'தெரிந்தும் ஏன் அங்கே பிள்ளைகளை உட்கார வைத்தீர்கள்' என்று நாளை நம்மையே கேட்பார்களோ என்ற பயம். நியாயமான பயம்தான். ஆனால் எழுதாமல் இருப்பது அந்தப் பயத்துக்கு மருந்து இல்லை. எழுதுங்கள்; அந்த அறையைப் பூட்டுங்கள்; பிள்ளைகளை வேறு இடத்தில் உட்கார வைத்தோம் என்பதையும் அதே கடிதத்தில் எழுதுங்கள். தேதியோடு எழுதிய அந்த வரி பிள்ளைகளைக் காப்பாற்றும், ஆசிரியரையும் காப்பாற்றும்.

மேலாண்மைக் குழுத் தாய்மார்கள் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 21, பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். இது எல்லோருக்கும் தெரியும். அதற்கு அடுத்த பிரிவு 22 பலருக்குத் தெரியாது. குழு ஒரு பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும். அரசும் உள்ளாட்சியும் போடும் திட்டங்களுக்கும் கொடுக்கும் மானியங்களுக்கும் அந்தத் திட்டமே அடிப்படையாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். நாம் போய்க் கெஞ்சுவதாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். சட்டமோ, நீங்கள் எழுதித் தாருங்கள், அதை வைத்துத்தான் அரசு கொடுக்க வேண்டும் என்று கட்டிப்போட்டிருக்கிறது. நிதியாண்டு முடிவதற்கு மூன்று மாதம் முன்பே அந்தத் திட்டம் தயாராக வேண்டும். அதாவது டிசம்பருக்குள். பிப்ரவரியில் ஓடி வந்தால் அடுத்த ஆண்டுப் பட்டியல்தான். சுற்றுச்சுவரோ வேலியோ இருக்க வேண்டும் என்பது அதே சட்டத்தின் அட்டவணையில் உள்ள விதி; அதைக் கருத்துருவின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

தீர்மானம் போடும்போது பொதுவாக எழுதாதீர்கள். 'பள்ளிக்குப் பாதுகாப்பு வசதிகள் செய்து தர வேண்டும்' என்ற தீர்மானத்தால் ஒரு செங்கல்கூட வராது. 'பள்ளியின் மேற்கு எல்லையில் 38 மீட்டர் நீளத்துக்குச் சுற்றுச்சுவர் கட்டவும், வடக்கு வாயிலில் இரும்புக் கதவைப் புதுப்பிக்கவும்' என்று எழுதுங்கள். கிராம சபையிலும் அதே வாசகம், அதே அளவு. ஓர் இடத்தில் 38, இன்னோர் இடத்தில் 40 என்று இருந்தால் அதற்கும் ஒரு கேள்வி வரும்.

கிராம சபை என்றதும் நினைவுக்கு வருகிறது. எங்கள் தீர்மானம் ஒரு குடியரசு நாள் கிராம சபையில் வந்தது. எழுந்து நின்று எதிர்த்தவர் ஒரு வயதான அம்மா. "சுவரை வச்சுட்டா நான் எப்படிப்பா என் வீட்டுக்குப் போறது?" என்றார். பள்ளி மைதானத்தைக் குறுக்கே கடந்துதான் பத்துக் குடும்பங்கள் தண்ணீர் எடுத்து வந்தன, நாற்பது ஆண்டுகளாக. சர்வேயரை வரவழைத்து, புல வரைபடத்தை விரித்துப் பார்த்தோம். இடம் பள்ளியுடையது, சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அம்மாவை எதிரியாக்கிக்கொண்டு கட்டும் சுவரில் ஒரே மாதத்தில் ஓட்டை விழும். குழுத் தலைவிதான் வழி சொன்னார்: சுவரை எல்லைக் கோட்டிலிருந்து நான்கு அடி உள்ளே தள்ளிக் கட்டுவோம்; நிலம் பள்ளியின் பெயரிலேயே இருக்கட்டும், நடக்கிறவர்கள் நடக்கட்டும். ஒன்றியத்தில் எழுதி ஒப்புதல் வாங்கினோம். அந்த அம்மாவே பிறகு தீர்மானப் புத்தகத்தில் கைநாட்டு வைத்தார். பாதுகாப்பு வேலை என்பது பாதி சிமெண்ட், பாதி இந்த மாதிரிப் பேச்சு.

பணம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். முதலில் கையில் இருப்பதைப் பாருங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் வரும் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை ₹10,000, 100 வரை ₹25,000, 250 வரை ₹50,000, ஆயிரம் வரை ₹75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் சுவர் கட்ட முடியாது. தாழ்ப்பாள், கீல், மின்சுற்றுப் பழுது, தீயணைப்பான் நிரப்புவது, கிணற்று மூடி — இவற்றுக்குப் போதும். இந்த வேலைகளுக்குக் கருத்துரு எழுதி ஒரு வருடம் காத்திருக்கக் கூடாது.

பெரிய வேலைக்கு, பள்ளி யாருடையது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் ஆசிரியர் கல்வித் துறைக்குக் கீழ், கட்டடம் ஒன்றியத்தின் பொறுப்பு. கருத்துரு வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு. நான் ஐந்து ஆண்டுகள் இதைச் செய்யாமல் ஆட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 2022இல் அறிவிக்கப்பட்டபோது ஐந்து ஆண்டுகளுக்கு ₹7,000 கோடி என்றார்கள். உள்ளாட்சிப் பள்ளிகளுக்கும் அதில் பங்கு உண்டு. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் வழியாக நபார்டு கடனுதவித் திட்டம். சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு ₹3 கோடி, நாடாளுமன்ற உறுப்பினருக்கு ₹5 கோடி. அவர்கள் கேட்கும் முதல் கேள்வி 'எஸ்டிமேட் எவ்வளவு' என்பதுதான். நமக்கு நாமே திட்டத்தில் ஊர்ப் பங்காகப் பொதுவாக மூன்றில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உள்ள ஊர்களுக்கு இது மிகப் பொருத்தம். 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக முன்னாள் மாணவர்களிடமும் நிறுவனங்களிடமும் கேட்கலாம்.

நன்கொடையாளர்களிடம் போகும்போது ஒன்றைக் கவனித்திருக்கிறேன். எல்லோருக்கும் கேமரா வாங்கித் தரத்தான் ஆசை. வாசலில் எட்டு சிசிடிவி, தலைமையாசிரியர் அறையில் பெரிய திரை, பெயர்ப் பலகை. கேமரா வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் நடந்து முடிந்ததைத்தான் அது காட்டும். நான் பார்த்த ஒரு பள்ளியில் பெண் பிள்ளைகள் கழிப்பறைக்கு இரண்டு பேராகத்தான் போவார்கள். ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்துக்கொள்வாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் இருந்தன. துணைக்கு ஆள் கிடைக்காத பிள்ளை தண்ணீர் குடிக்காமலேயே மாலை வரை உட்கார்ந்திருந்தாள். அங்கே முதலில் வேண்டியது தாழ்ப்பாள். அதன் பிறகு அந்தக் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு. அதன் பிறகு 1098, 14417 என்ற இரண்டு உதவி எண்களும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையின் கண் உயரத்தில் சுவரில் எழுதியிருக்க வேண்டும். கேமரா இதற்கெல்லாம் பின்னால் வரட்டும். கருத்துருவில் வரிசை போடும்போது எந்த ஆபத்து தினமும் நடக்கிறதோ அதை மேலே எழுதுங்கள்.

தினமும் நடக்காத ஆபத்தும் உண்டு. 2004 ஜூலை 16. அன்று நான் கும்பகோணம் இருக்கும் மாவட்டத்திலேயே ஒரு வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தேன். கும்பகோணத்தில் ஒரு பள்ளியின் சமையல் இடத்தில் பிடித்த தீ மேல்மாடிக் கூரைக்குத் தாவியது. கீற்றுக் கூரை. 94 பிள்ளைகள் இறந்தார்கள். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்தன. இறங்குவதற்குக் குறுகிய படி. அந்த வாரம் எங்கள் ஊரில் எந்தத் தாயும் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. அனுப்புங்கள் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அந்தத் தீயை அடுத்து உச்ச நீதிமன்றத்தில் அவினாஷ் மெஹ்ரோத்ரா தொடுத்த பொதுநல வழக்கில் 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கல்வி உரிமை என்றால் பாதுகாப்பான பள்ளியில் படிக்கும் உரிமையும் அதில் அடங்கும் என்றது நீதிமன்றம். ஒவ்வொரு பள்ளியிலும் தீயணைப்பான் வேண்டும், அதைக் கையாள ஆசிரியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றது. இன்று நம் பள்ளிகளில் சிவப்பு உருளை தொங்குகிறது. அதன் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று கடைசியாக எப்போது பார்த்தோம்?

2021 டிசம்பர் 17, திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடைவேளையில் விழுந்தது. மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொன்னார்கள். சுவர் கட்ட எவ்வளவு பாடுபடுகிறோமோ அவ்வளவு பாடு, விழப்போகும் சுவரை இடிக்கவும் பட வேண்டியிருக்கிறது. பொறியாளர் சான்று, தீர்மானம், இடிப்பதற்கு அனுமதி. புதிய கட்டடம் கேட்கும் அதே கருத்துருவில் பழையதை இடிக்கும் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். சேர்க்காவிட்டால் புதுக் கட்டடத்துக்குப் பக்கத்திலேயே பழையது நிற்கும். பிள்ளைகள் நிழலுக்கு அதனடியில்தான் போய் உட்காருவார்கள்.

பணம் வந்த பிறகுள்ள வேலையை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். அஸ்திவாரம் மூடுவதற்கு முன் ஆழத்தை அளந்து பாருங்கள். மூடிய பிறகு யாராலும் பார்க்க முடியாது. ஒப்பந்ததாரரிடம் சண்டை வேண்டாம், டேப்போடு பக்கத்தில் நின்றால் போதும். அளவுப் புத்தகத்தில் எழுதியதும் தரையில் இருப்பதும் ஒன்றா என்று குழு உறுப்பினர் இருவர் பார்க்கட்டும். பயன்பாட்டுச் சான்றை உடனே அனுப்புங்கள். அது போகாமல் அடுத்த தவணை வராது. நம் ஒரு பள்ளியின் தாமதம் வட்டாரம் முழுவதையும் நிறுத்தி வைக்கும்.

இவ்வளவு நேரம் எப்படி எழுதுவது என்று சொன்னேன். ஆனால் என் மனத்தில் ஒரு கசப்பு இருக்கிறது, அதையும் இந்த மேடையில் வைக்க வேண்டும். எழுதத் தெரிந்த தலைமையாசிரியர் இருக்கும் பள்ளிக்குச் சுவர் வருகிறது. மலைமேல் ஈராசிரியர் பள்ளியில், ஒருவர் பயிற்சிக்குப் போய்விட, மற்றவர் ஐந்து வகுப்பையும் வைத்துக்கொண்டு தவிக்கும் இடத்தில் யார் டேப் பிடிப்பார், யார் புல எண் தேடுவார்? அங்கேதான் ஆபத்து அதிகம். கேட்கத் தெரிந்தவனுக்குக் கொடுப்பது என்ற முறையிலேயே அநீதி இருக்கிறது. வட்டாரத்துக்கு ஒரு பொறியாளர், ஆண்டுக்கு ஒரு முறை, ஒவ்வொரு பள்ளிக்கும் தானே வந்து அளந்து எஸ்டிமேட் போட்டுவிட்டுப் போகும் ஏற்பாட்டை அரசு செய்ய வேண்டும். தலைமையாசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது அலைவதற்காக இல்லை.

மேலே நடக்கும் சண்டையின் சுமையும் கடைசியில் இந்தப் பள்ளிகளின் தலையில்தான் விழுகிறது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்கான ஒன்றிய அரசின் பங்கு, பிஎம் ஸ்ரீ என்ற ஒன்றிய அரசுப் பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தப் பிரச்சினையில் நிறுத்தி வைக்கப்பட்டது. ₹2,152 கோடி என்று அப்போதைய முதலமைச்சர் சொன்னார். 2025 மே மாதத்தில் தமிழ்நாடு அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. கொள்கை வேறுபாடு இருக்கட்டும், வழக்கு நடக்கட்டும். கதவில்லாத கழிப்பறைக்கு வெளியே நிற்கும் பிள்ளையின் பங்கை அதற்காகப் பிடித்து வைப்பது எந்த வகையிலும் சரியில்லை. இதை நான் கட்சி பார்த்துச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு செயல்முறை வகுப்பு என்று நிரலில் போட்டிருக்கிறார்கள். அதைக் காகிதத்தில் செய்ய வேண்டாம் என்று இந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் அம்மாவிடம் கேட்டுக்கொண்டேன், அவரும் சம்மதித்தார். நாம் கூடியிருக்கும் இந்தப் பள்ளியையே அளக்கப் போகிறோம். காலையில் உள்ளே வந்தபோது பார்த்தேன்: மாடிப்படிக்குக் கீழே உடைந்த பெஞ்சுகளையும் பழைய விடைத்தாள் கட்டுகளையும் படியின் பாதி அகலத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்கள். அதற்கு மேலேயே மின்சார மெயின் பெட்டி, மூடி இல்லாமல். மாடியில் மூன்று வகுப்பு நடக்கிறது. டேப் என் பையில் இருக்கிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் நான்கு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். படியின் அகலத்திலிருந்து ஆரம்பிப்போம்.